மைக்ரோகிரிட்டில் இன்வெர்ட்டர் கடிகாரங்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போக வேண்டும்?

கேள்வி இதுதான்: பெரிய மின்கட்டத்திலிருந்து பிரிந்து தனியாக ஓடும் ஒரு மைக்ரோகிரிட், அதாவது ஒரு சிறிய உள்ளூர் மின்வலை. அதில் நான்கு இன்வெர்ட்டர்கள். மையக் கன்ட்ரோலர் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்து இன்வெர்ட்டர்களோடு மட்டும் பேசி, அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸில் நிறுத்தி, சுமையையும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தகவல்தொடர்பு வயர்லெஸ். ஒரு செய்தி போய்ச்சேர 20 மில்லி விநாடியும் ஆகலாம், 200-உம் ஆகலாம். இந்த நிலையில் கடிகாரங்களை எப்படி ஒத்திசைப்பது? செயற்கைக்கோளிலிருந்து துல்லியமான நேரம் பெறும் ஜிபிஎஸ்ஸை ஒவ்வொன்றிலும் வைத்தே ஆக வேண்டுமா? இவ்வளவு தாமதத்தில் ஒத்திசைவு சாத்தியம்தானா?

சாத்தியம்தான். ஜிபிஎஸ் உங்கள் அமைப்புக்கு அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் கடிகாரத்தை எந்த வேலை கேட்கிறது, எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே மைக்ரோகிரிட்டுக்குள் ஒரு வேலைக்கு 1 மைக்ரோ விநாடி வேண்டும், இன்னொன்றுக்கு 10 மில்லி விநாடி போதும். இரண்டுக்கும் இடையே பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். அதைக் கவனிக்காமல் இறங்கினால், தேவையில்லாத இடத்தில் பணத்தைக் கொட்டி, தேவையான இடத்தில் கோட்டை விடுவோம்.

அடியிலிருந்து தொடங்குகிறேன். இன்வெர்ட்டர் தன் 50 ஹெர்ட்ஸை எங்கிருந்து எடுக்கிறது? தன் பலகையில் இருக்கும் கிரிஸ்டலிலிருந்து. சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு, அதாவது 20 பிபிஎம், பிசகுவது சகஜம். விநாடிக்கு 20 மைக்ரோ விநாடி. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். இரண்டு இன்வெர்ட்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் "நான் சரியாக 50 ஹெர்ட்ஸ்" என்று பிடிவாதமாக ஓடுகின்றன. கடிகாரங்களுக்குள் 20 பிபிஎம் வித்தியாசம். உண்மையில் அதிர்வெண்கள் 0.001 ஹெர்ட்ஸ் விலகி நிற்கும். கட்டக் கோணம், அதாவது இரு அலைகளுக்கும் இடையிலான ஃபேஸ் கோணம், விநாடிக்கு 0.36 டிகிரி பிரிந்துகொண்டே போகும். இரண்டுக்கும் நடுவே ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு இணைப்பு காட்டும் தடை) 0.1 பெர் யூனிட், அதாவது மதிப்பீட்டு அளவை ஒன்றாகக் கொண்ட கணக்கில் 0.1, என்றால், 5.7 டிகிரி பிரிந்ததுமே முழு மதிப்பீட்டுத் திறன் (இன்வெர்ட்டர் தர வடிவமைக்கப்பட்ட முழு மின்திறன்) ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும். அதற்கு 16 விநாடி போதும்.

அதனால்தான் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. ட்ரூப் கட்டுப்பாடு வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. சுமை ஏறினால் அதிர்வெண்ணைக் கொஞ்சம் இறக்கு என்பதுதான் ட்ரூப். முழுச் சுமைக்கு 0.5 ஹெர்ட்ஸ் இறங்கும்படி வைத்திருந்தால், அந்த 0.001 ஹெர்ட்ஸ் பிசகு மதிப்பீட்டுத் திறனில் 0.2 சதவீத வித்தியாசமாக மட்டும் தெரியும். தானாகவே ஒரு சமநிலைக்கு வந்து நின்றுவிடும். முதன்மைக் கட்டுப்பாட்டுக்கு ட்ரூப் வைத்திருந்தால், அந்த அடுக்குக்கு நேர ஒத்திசைவே வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் ஜிபிஎஸ் வாங்கத் தொடங்குகிறார்கள்.

பிரச்சினை அடுத்த அடுக்கில் இருக்கிறது. ட்ரூப் அதிர்வெண்ணை 50-க்குக் கீழே இறக்கி வைத்துவிடும். அதை மீண்டும் 50-க்குக் கொண்டுவருவது இரண்டாம்நிலைக் கட்டுப்பாடு. அதில் ஒரு தொகையாக்கி, அதாவது இன்டெக்ரேட்டர், இருக்கும். பிழை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதை விடாமல் கூட்டிக்கொண்டே போவதுதான் அதன் குணம். ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் கடிகாரத்தை வைத்துத்தான் அதிர்வெண்ணை அளக்கிறது. வலையமைப்பில் உண்மையான அதிர்வெண் ஒன்றே. வேகமாக ஓடும் கடிகாரம் உள்ளது அதை 49.9995 என்று படிக்கும், மெதுவாக ஓடுவது 50.0005 என்று படிக்கும். முதலாவது "குறைந்திருக்கிறது, ஏற்று" என்கிறது. இரண்டாவது "கூடியிருக்கிறது, இறக்கு" என்கிறது. இரண்டும் ஒருபோதும் திருப்தியடையாது. தொகையாக்கியின் கெயின், அதாவது பிழைக்கு அது எவ்வளவு வேகமாக எதிர்வினை காட்டுகிறது என்ற பெருக்கு எண், விநாடிக்கு 1 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஒவ்வொரு விநாடியும் மதிப்பீட்டுத் திறனில் 0.1 சதவீதம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகரும். இரண்டும் பாதிச் சுமையில் தொடங்கினால், சுமார் 8 நிமிடத்தில் ஒன்று முழுச் சுமையில் நிற்கும், இன்னொன்று பூஜ்யத்தில் நிற்கும். அதற்கு மேலும் விட்டால் ஒரு பேட்டரி இன்னொரு பேட்டரியைச் சார்ஜ் செய்யத் தொடங்கும். இத்தனை நேரமும் அதிர்வெண் மீட்டர் 50.000 என்றே காட்டிக்கொண்டிருக்கும்; அலாரம் எதுவும் அடிக்காது.

நான் இதை முதன்முதலில் ஒரு சோதனைக்கூடத்தில் பார்த்தபோது, பவர் சென்சார்களைத்தான் இரண்டு நாள் சந்தேகப்பட்டோம். நகரும் வேகம் ஒவ்வொரு நாளும் மாறியதுதான் குழப்பியது. கடைசியில் பார்த்தால் அது வெப்பம். கைக்கடிகாரங்களில் இருக்கும் 32.768 கிலோ ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியில் சரியாக இருக்கும். அதிலிருந்து விலகும் டிகிரியின் வர்க்கத்தோடு 0.034 பிபிஎம் வீதம் மெதுவாகும். 65 டிகிரியில் 54 பிபிஎம் பின்தங்கிவிடும். இன்வெர்ட்டருக்குள் 65 டிகிரி அபூர்வமல்ல. பலகையில் இருக்கும் வேகமான கிரிஸ்டலின் வளைவு வேறு வடிவம், ஆனால் அதுவும் வெப்பத்துக்கு அசையும். சுமை ஏறினால் பெட்டி சூடாகிறது, பெட்டி சூடானால் கடிகாரம் மாறுகிறது, கடிகாரம் மாறினால் சுமை மாறுகிறது. இந்தச் சங்கிலியை மறந்தால் கடிகாரப் பிசகை ஒருமுறை அளந்து நிலையான எண்ணாக எழுதிவைத்துவிடும் தவறைச் செய்வோம்.

மையம் இல்லாமல் பக்கத்து இன்வெர்ட்டர்களோடு பேசியே நடக்கும் பரவல் கட்டுப்பாடு இங்கேதான் கைகொடுக்கிறது. சிம்ப்சன்-போர்கோ, டார்ஃப்ளர், புல்லோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2013-இல் வெளியிட்ட முறையில், தொகையாக்கிக்குள்ளேயே பக்கத்து இன்வெர்ட்டரோடு ஒப்பிடும் ஓர் உறுப்பு சேர்க்கப்படுகிறது: "என் திருத்தமும் உன் திருத்தமும் சமமாக இருக்கட்டும்." இதனால் முன்பு ஓடிக்கொண்டே இருந்த வித்தியாசம் ஓரிடத்தில் பிடிபட்டு நிற்கிறது. மேலே சொன்ன அதே எண்களோடு, ஒப்பீட்டு உறுப்பின் கெயினும் 1 என்று வைத்தால், இரண்டு இன்வெர்ட்டர்களின் பங்கு ஒரு சதவீதத்தைக்கூட எட்டாத வித்தியாசத்தில் அமைதியாகிவிடும். அதிர்வெண் எல்லாக் கடிகாரங்களின் சராசரியை ஒட்டி நிற்கும். ஷிஃபர் குழுவினரும் பிறகு கடிகாரப் பிசகை வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டு இந்த வகைக் கட்டுப்பாடுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆக, பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதே பாதி ஒத்திசைவு.

சரி, பேசுவதற்குத் தாமதம் ஆகிறதே? இதுதான் உங்கள் கேள்வியின் நடு. இங்கே இரண்டு தாமதங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: கட்டுப்பாட்டுச் செய்தியின் தாமதம் ஒன்று, கடிகார ஒத்திசைவுச் செய்தியின் தாமதம் மற்றொன்று.

முதலில் கட்டுப்பாடு. பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டு எல்லாரும் ஒரே மதிப்புக்கு வரும் ஒருமித்தல் வகைக் கட்டுப்பாட்டுக்கு ஓல்ஃபாட்டி-சாபரும் மரேயும் 2004-இல் கொடுத்த எல்லை மிக எளிமையானது: எல்லா இணைப்புக்கும் ஒரே தாமதம் என்றால், அந்தத் தாமதம் π-ஐ (3.14) கீழ்க்கண்ட எண்ணால் வகுத்தால் வருவதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்: வலையமைப்பின் லாப்லாசியன் அணியின் (யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைக் குறிக்கும் எண் அட்டவணை) மிகப் பெரிய ஐகன் மதிப்பின் (அந்த அட்டவணையிலிருந்து கணக்கிடும் ஒரு சிறப்பு எண்) இரு மடங்கு. நான்கு முனைகள் (இங்கே இன்வெர்ட்டர்கள்) வளையமாக இணைந்து, ஒவ்வொரு இணைப்புக்கும் கெயின் விநாடிக்கு 1 என்றால், அந்த ஐகன் மதிப்பு 4. எல்லை 0.39 விநாடி. உங்கள் 200 மில்லி விநாடி அதற்குள் அடங்கிவிடுகிறது. வேகம் வேண்டும் என்று கெயினை 5 ஆக்கினால் எல்லை 78 மில்லி விநாடிக்கு இறங்கிவிடும்; உங்கள் வலையமைப்பு தாங்காது. இது ஒருமித்தல் பகுதிக்கு மட்டுமான எல்லை, மொத்த மைக்ரோகிரிட்டுக்கும் உத்தரவாதம் இல்லை. ஆனால் கெயினை எந்த அளவில் தொடங்கலாம் என்பதற்கு நல்ல வழிகாட்டி.

இந்த எல்லைக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது, அதைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தக் கணக்கில், பக்கத்து முனையின் பழைய மதிப்பிலிருந்து என் பழைய மதிப்பைத்தான் கழிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே வயது. நடைமுறையில் எழுதப்படும் நிரல் என்ன செய்கிறது? வந்த பாக்கெட்டில் இருக்கும் பழைய மதிப்பிலிருந்து தன்னுடைய இப்போதைய மதிப்பைக் கழிக்கிறது. சுமை மாறாத நேரத்தில் இரண்டும் ஒன்றே. சுமை திடீரென்று ஏறும்போது பாருங்கள்: எல்லா இன்வெர்ட்டர்களும் சேர்ந்தே மாறியிருக்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் "நான் மட்டும் மாறிவிட்டேன், மற்றவர்கள் இன்னும் மாறவில்லை" என்று தோன்றும். எல்லாம் ஒரே திசையில் பின்வாங்கும். சுமைப் பங்கீட்டுக்காக வைத்த உறுப்பு அதிர்வெண்ணைத் தள்ளிவிடும். இணைப்புகள் சமச்சீராக இருந்து, ஒரே வயதுள்ள மதிப்புகளை ஒப்பிட்டால் அந்தத் தள்ளல்கள் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யமாகிவிடும்.

ஒரே வயதுள்ளதை ஒப்பிட, அந்தச் செய்தி எப்போது அளக்கப்பட்டது என்று தெரிய வேண்டும். உங்களுக்கு ஒத்திசைந்த கடிகாரம் தேவைப்படுவது இதற்காகத்தான். செய்தியில் நேர முத்திரை இருக்கட்டும். ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் கடந்த ஒரு விநாடி மதிப்புகளைச் சேமித்து வைத்திருக்கட்டும். வந்த செய்தியின் நேரத்துக்குரிய தன் மதிப்பைத் தேடி எடுத்துக் கழிக்கட்டும். இன்னொரு படி மேலே போய், எல்லாச் செய்திகளையும் அளந்த நேரத்திலிருந்து சரியாக 250 மில்லி விநாடி கழித்துத்தான் பயன்படுத்துவது என்று விதி வைத்துவிடுங்கள். முன்னாலேயே வந்தது காத்திருக்கட்டும். அதற்குள் வராதது தொலைந்ததாகக் கணக்கு. 20-க்கும் 200-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்த தாமதம், இப்போது அசையாத 250 ஆகிவிட்டது. கொஞ்சம் மெதுவாகிறோம், உண்மைதான். ஆனால் ஆடும் தாமதத்தை ஆராய்வதைவிட நிலையான தாமதத்தை ஆராய்வது பல மடங்கு எளிது. மேலே சொன்ன 0.39 விநாடி எல்லையை நேரடியாகப் பயன்படுத்தவும் முடியும்.

இதற்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்? ஒப்பிடப்படும் திறன் மதிப்பு எப்படியும் பல சுழற்சிகளுக்குச் சராசரி எடுத்தது. ஒரு சுழற்சியே 20 மில்லி விநாடி. கடிகாரத்தில் 5 மில்லி விநாடி பிழை இருந்தாலும் அங்கே தெரியாது.

இனி அந்த 5 மில்லி விநாடியை 200 மில்லி விநாடி தாமதமுள்ள வலையமைப்பில் எப்படிப் பெறுவது என்று பார்க்கலாம். அடிப்படை முறை டேவிட் மில்ஸ் 1985-இல் என்டிபியாக (வலையமைப்பு வழியாகக் கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறி) முன்வைத்ததுதான்: போகவர ஒரு செய்தி, நான்கு நேரங்கள். ஓர் உதாரணம். முதல் முனை தன் கடிகாரத்தில் 0-வில் அனுப்புகிறது. இரண்டாவது தன் கடிகாரத்தில் 62-இல் வாங்கி 63-இல் பதில் அனுப்புகிறது. முதல் முனைக்கு அது 101-இல் வந்து சேர்கிறது. எல்லாம் மில்லி விநாடி. போகவர வழியில் செலவானது 100. பாதிப்பாதி என்று கொண்டால் போக 50. அப்படியென்றால் இரண்டாவது முனை வாங்கிய தருணம் 50, அது படித்ததோ 62. ஆக 12 முன்னே ஓடுகிறது. இந்தக் கணக்கில் 100 மில்லி விநாடித் தாமதம் எந்தப் பிழையையும் உண்டாக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிழை எங்கே வரும் என்றால், "பாதிப்பாதி" என்ற ஊகத்தில். உண்மையில் போக 80, வர 20 என்றிருந்தால், வாங்கிய தருணம் 80, படித்தது 62, அதாவது அந்தக் கடிகாரம் 18 பின்னே இருக்கிறது. கணக்கு 30 பிசகிவிட்டது. இரு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் 60, அதில் சரிபாதி. எத்தனை முறை சராசரி எடுத்தாலும் இந்தப் பாதி போகாது, ஏனென்றால் இது ஒரே பக்கமாகச் சாய்ந்த பிழை.

ஒரு சோதனையில் எங்கள் கடிகாரம் ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை 3 மில்லி விநாடி தாவி, சில நிமிடம் கழித்துத் திரும்பியது. அந்த நேரத்தில்தான் பதிவுக் கோப்புகள் அதே ஸ்விட்ச் வழியாக ஒரு திசையில் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தன. அந்தத் திசையில் மட்டும் வரிசை 6 மில்லி விநாடி நீண்டிருந்தது. ஒத்திசைவுச் செய்திகளுக்கு முன்னுரிமை கொடுத்ததும் தாவல் நின்றது.

வயர்லெஸ்ஸில் தாமதம் ஏன் 200 வரை போகிறது? பெரும்பாலும் காத்திருப்பும் மறு அனுப்பலும். அதனால் எல்லா அளவையும் நம்ப வேண்டியதில்லை. என்டிபி கடைசி 8 பரிமாற்றங்களை வைத்துக்கொண்டு, அவற்றில் போகவர நேரம் மிகக் குறைந்த ஒன்றைத்தான் எடுக்கிறது. மிகக் குறைந்தது என்றால் எங்கும் காத்திருக்காமல் போய் வந்தது, எனவே இரு வழியும் ஏறக்குறைய சமம். உங்கள் அமைப்பில் அது சுமார் 40 மில்லி விநாடியாக இருக்கும். பிழை எந்தச் சூழ்நிலையிலும் போகவர நேரத்தின் பாதியைத் தாண்டாது, அதாவது 20-ஐத் தாண்டாது. நடைமுறையில் ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள் வந்துவிடும்.

கோட்பாட்டுப் பக்கமும் இதையே சொல்கிறது. லுண்டெலியஸும் லிஞ்சும் 1984-இல் நிறுவிய கீழ் எல்லையில் தாமதத்தின் அளவு வருவதே இல்லை; அதன் நிச்சயமின்மை மட்டும்தான் வருகிறது. மிகக் குறைந்த தாமதத்துக்கும் மிக அதிகத் தாமதத்துக்கும் உள்ள இடைவெளியை ஒன்றிலிருந்து முனை எண்ணிக்கையின் தலைகீழைக் கழித்துப் பெருக்கினால் வருவது அந்த எல்லை. நான்கு முனை, 180 மில்லி விநாடி இடைவெளி என்றால் 135. பயமுறுத்தும் எண்தான், ஆனால் அது, தலைவிதி நமக்கு எதிராகவே எல்லாச் செய்தியையும் தாமதப்படுத்தும் சூழலுக்கு. சுத்தமான பரிமாற்றங்களைப் பொறுக்கி எடுக்கும்போது அந்த 180-ஐத்தான் நாம் சுருக்குகிறோம். தாமதம் எப்போதும் சரியாக 200 என்றிருந்தால், எல்லை பூஜ்யம்.

கடிகாரத்தின் விலகலை மட்டுமல்ல, வேக வித்தியாசத்தையும் கணித்துக்கொள்ளுங்கள். அது இன்னும் எளிது. பக்கத்து முனை அனுப்பும் இரண்டு செய்திகளுக்கு இடையே அதன் கடிகாரத்தில் ஓடிய நேரத்தையும் உங்கள் கடிகாரத்தில் ஓடிய நேரத்தையும் வகுத்தால் போதும்; நிலையான தாமதம் தானாகவே கழிந்துவிடும். தாமதம் 5 மில்லி விநாடி ஆடினாலும், 1000 விநாடி இடைவெளியில் அளந்தால் பிழை 5 பிபிஎம்தான். மையமே இல்லாமல் இதைச் செய்ய, ஒவ்வொரு முனையும் பக்கத்து முனைகளின் வேகத்தையும் விலகலையும் சராசரி எடுத்துக்கொண்டே போகும் முறைகள் உள்ளன. 2011-இல் வெளியான ஆவரேஜ் டைம்சிங்க் அவற்றில் நன்கு அறியப்பட்டது. நான்கு முனைக்கு அது தாராளமாகப் போதும்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: மின்கம்பியே ஒரு கடிகாரம். நிலைபெற்ற மைக்ரோகிரிட்டில் அதிர்வெண் எங்கும் ஒன்றே என்றோம் அல்லவா? ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தான் அளந்த அதிர்வெண்ணைப் பக்கத்து முனைக்குச் சொன்னால், அந்த எண்களின் வித்தியாசம் கடிகார வேக வித்தியாசத்தைத் தவிர வேறொன்றுமில்லை. ஒன்று 49.9995, இன்னொன்று 50.0005 என்றால் 20 பிபிஎம். தகவல்தொடர்புத் தாமதம் இந்த அளவைத் தொடுவதே இல்லை. மின்னழுத்த அலை பூஜ்யத்தைக் கடக்கும் தருணமும் எல்லா முனைக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருகிறது. முனைகளுக்கு இடையே 1 டிகிரி கோண வித்தியாசம் இருந்தால் 56 மைக்ரோ விநாடி பிழை, அவ்வளவுதான். எந்தச் சுழற்சி என்பதை மட்டும் வலையமைப்பு வழியாக 10 மில்லி விநாடிக்குள் அடையாளம் கண்டுவிட்டால், சில நூறு மைக்ரோ விநாடித் துல்லியம் இலவசமாகக் கிடைக்கிறது. மின்சாரம் போன நிமிடத்தில் இந்தக் கடிகாரமும் போய்விடும் என்பதால் இதை மட்டுமே நம்பக் கூடாது.

ஜிபிஎஸ் எப்போது வேண்டும்? ட்ரூப்பில் அதிர்வெண்ணுக்குப் பதில் கட்டக் கோணத்தையே நேரடியாக நிர்ணயிக்கும் முறைகள் உள்ளன. அங்கே கடிகாரப் பிழை அப்படியே கோணப் பிழை. 100 மைக்ரோ விநாடி என்றால் 1.8 டிகிரி, முன்பு சொன்ன 0.1 பெர் யூனிட் ரியாக்டன்ஸில் அது மதிப்பீட்டுத் திறனில் 31 சதவீதம். 1 மைக்ரோ விநாடிக்கு வந்தால்தான் 0.3 சதவீதம். மின்கட்டத்தின் பல இடங்களில் ஒரே நேரத்தில் கோணத்தை அளக்கும் சிங்க்ரோஃபேஸர் அளவீட்டில் அனுமதிக்கப்பட்ட 1 சதவீதப் பிழை முழுவதையும் 50 ஹெர்ட்ஸில் கடிகாரமே தின்றுவிட 32 மைக்ரோ விநாடி போதும். இப்படிப்பட்ட தேவை இருந்தால் வயர்லெஸ்ஸை மறந்துவிட்டு, ஒரே ஒரு நல்ல மூலக் கடிகாரமும், பிடிபி என்று அழைக்கப்படும் துல்லிய நேர நெறியான ஐஇஇஇ 1588-ஐ வன்பொருளிலேயே ஆதரிக்கும் ஸ்விட்சுகளும் வையுங்கள். மின்துறைக்கான 2016-இன் ஐஇசி 61850-9-3 நெறி 1 மைக்ரோ விநாடியைத்தான் இலக்காக வைக்கிறது. அப்போதும் ஜிபிஎஸ் தவறாது என்று நினைக்காதீர்கள். 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய செயற்கைக்கோளை விலக்கும்போது தவறான தரவு ஏறி, உலகெங்கும் பல ஜிபிஎஸ் கடிகாரங்கள் 13 மைக்ரோ விநாடி பிசகின. சிக்னல் போனால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பது உள்ளே இருக்கும் ஆஸிலேட்டரைப் பொறுத்தது: 1 பிபிஎம் உள்ளது ஒரே விநாடியில் 1 மைக்ரோ விநாடியைத் தொலைத்துவிடும்.

உங்கள் நான்கு இன்வெர்ட்டர்களுக்கு நான் செய்வது இதுதான். ட்ரூப்பை அப்படியே விடுவேன். என்டிபி போன்ற இருவழிப் பரிமாற்றத்தைச் சில விநாடிக்கு ஒருமுறை, போகவர நேரம் மிகக் குறைந்ததைப் பொறுக்கும் வடிகட்டலோடு ஓட்டுவேன். நேர முத்திரை, 250 மில்லி விநாடி காத்திருப்பு, ஒரே வயது ஒப்பீடு, கெயின் விநாடிக்கு 1-க்குக் கீழே. ஒத்திசைக்கப்பட்ட நேரத்தை மென்பொருளில் மட்டும் வைத்துக்கொண்டு, பிடபிள்யூஎம்-ஐ (வெளியீட்டு அலையை உருவாக்கும் வேகமான ஸ்விட்ச்சிங்) ஓட்டும் கிரிஸ்டலைத் தொடவே மாட்டேன். கடிகாரத்தைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் வெளியீட்டு அலையின் கோணம் துள்ளினால், நோயைவிட மருந்து மோசமாகிவிடும். மென்பொருள் நேரத்தையும் தாவவிடாமல் மெல்ல மெல்லத்தான் நகர்த்த வேண்டும். நேர அளவுகோலைக் கலக்காதீர்கள்: பிடிபி பொதுவாக டிஏஐ-யில் (லீப் விநாடி சேர்க்காத அணுக் கடிகார நேரம்) ஓடுகிறது, என்டிபி யுடிசி-யில் (லீப் விநாடி சேர்த்த உலகப் பொது நேரம்). இரண்டுக்கும் 37 விநாடி வித்தியாசம். ஒரு முனை மட்டும் மாறி உட்கார்ந்தால் அதன் எல்லாச் செய்தியும் காலாவதியாகத் தெரியும்.

சோதிக்கும்போது ஒன்று. சிமுலேஷனில் எல்லா இன்வெர்ட்டரும் ஒரே கடிகாரத்தில்தான் ஓடுகின்றன, அதனால் இந்தப் பிரச்சினை அங்கே எழவே எழாது. ஒவ்வொன்றின் அதிர்வெண் கட்டளையை 1-க்கு மிக நெருக்கமான ஓர் எண்ணால், ஒன்றுக்கு 1.00002, இன்னொன்றுக்கு 0.99998 என்று, பெருக்கி, அதன் அதிர்வெண் அளவை அதே எண்ணால் வகுத்துவிட்டு ஓட்டுங்கள். 30 விநாடியில் நிறுத்திவிடாமல் 1000 விநாடி ஓடவிடுங்கள். பிறகு உண்மையான பலகையில், ஒரே ஒரு இன்வெர்ட்டரின் கிரிஸ்டல் மேல் சூடான காற்றை ஊதிக்கொண்டே நான்கின் திறனையும் பதிவு செய்யுங்கள்.